கொட்டானுக்கு விலை வந்த கதை

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால், செட்டிநாட்டு வீட்டு வளவில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் "இந்தக் கொட்டான் என்ன விலை?" என்று கேட்டிருந்தால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார். பேத்தி கல்யாணத்துக்காக முடைகிற பொருளுக்கு விலை ஏது? மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்படி ஓய்ந்த பிறகு கையில் எடுக்கிற வேலை அது. வீட்டுக்கு ஆகும், விசேஷத்துக்கு ஆகும், வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஆகும். விற்பது என்ற நினைப்பே அந்த வேலையில் இல்லை.

இன்று அதே கொட்டான் கைவினைக் கடைகளில் விலைச்சீட்டோடு இருக்கிறது. 'செட்டிநாடு கொட்டான்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. யுனெஸ்கோ கைவினைப் பொருள்களுக்குத் தரும் சிறப்பு முத்திரையும் கிடைத்திருக்கிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் பலருக்கு அது சம்பாத்தியம். பாட்டிமாரின் கைப்பழக்கம் ஒரு தொழிலாகப் பிறந்த கதைதான் இது. காசு கலந்தால் கலை கெட்டுவிடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. கொட்டான் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. விலை வந்ததால்தான் கொட்டான் பிழைத்தது.

ஓலையும் கையும்

பொருளை முதலில் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். கொட்டான் என்பது பனையோலையில் முடைந்த சிறு கூடை. உள்ளங்கையில் அடங்குகிற அளவிலும் உண்டு, தேங்காய் பழம் வைக்கிற அளவிலும் உண்டு. அடி சதுரமாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும்.

பனையின் உச்சியில் இன்னும் விரியாமல் நிமிர்ந்து நிற்கிற இளம் ஓலைதான் குருத்தோலை. கொட்டானுக்கு அதுதான் வேண்டும். விரிந்து முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் ஆகும், மடக்கினால் ஒடியும். குருத்தை வெட்டி வெயிலில் காயப் போட்டால் பச்சை வெளுத்து, வெண்ணெய் நிறத்துக்கு வரும். நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கிவிட்டு, இரண்டு பக்கத்து ஓலையையும் ஒரே அகலத்தில் வாராகக் கிழிக்க வேண்டும். கொட்டானின் தலையெழுத்து இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஒரு வார் கொஞ்சம் அகலமாகிப் போனாலும் பின்னல் கோணும். கோணியது வாய் வரைக்கும் கோணிக்கொண்டே போகும்.

வண்ணம் வேண்டிய வார்களைக் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்துகிறார்கள். ஓலை இயல்பிலேயே வழவழப்பானது, சாயத்தை உடனே ஏற்காது. கொதி பதமாக இருந்தால்தான் நிறம் உள்ளே இறங்கும். பதம் தப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும். முடைய உட்காருவதற்கு முன்னால் ஈரத்துணியால் ஓலையை மறுபடி நெகிழ்த்திக்கொள்ள வேண்டும். கோடையில் ஓலை வறண்டு விறைக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே முடைகிறவர் வானத்தையும் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்.

முடைவது தரையில் தொடங்குகிறது. வார்களைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாகக் கோத்துச் சதுரமாக அடி போடுகிறார்கள். அடி போதிய அளவுக்கு வந்ததும் வார்களை மேலே திருப்பி மூலை எழுப்ப வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் திணறுகிற இடம் இது. படுத்துக் கிடந்த பின்னல் எழுந்து நிற்கிற அந்தத் திருப்பத்தில் விரல் தளர்ந்தால் மூலையில் ஓட்டை விழும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஓலை கீறும். சுவர் உயர உயர மூலைகள் மழுங்கி, சதுரம் தன்னாலே வட்டத்துக்குப் போகிறது. கடைசியில் நுனிகளை மடக்கி உள்ளே செருகி வாயைக் கட்டுகிறார்கள். அதுவரைக்கும் ஆணி கிடையாது, பசை கிடையாது. ஓலையை ஓலையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆச்சிகள் இதோடு விடவில்லை. கொட்டானுக்குக் குரோஷே நூலில் உறை பின்னினார்கள், பாசிமணி கோத்து அலங்கரித்தார்கள். உள்ளூர்ப் பனையின் ஓலையும் சீமையிலிருந்து வந்த ஊசிப் பின்னலும் ஒரே சாமானில் சேர்ந்தன. கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பங்களின் வீட்டுப் பொருள் வேறு எப்படி இருக்கும்?

வளவில் ஓடிய பொழுது

அந்தக் கடல் வியாபாரத்தைச் சொல்லாமல் கொட்டானைச் சொல்ல முடியாது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போனார்கள். ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. கணக்கை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடந்த வீடுகளைக் கட்டிக் காத்தவர்கள், கோயில் காரியத்தையும் கொடுக்கல் வாங்கலையும் கவனித்தவர்கள், ஆச்சிகள்தான்.

ஓலை முடைவதை அவர்களுடைய பொழுதுபோக்கு என்று சொல்கிறோம். பொழுது கழிந்தது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குப் பின்னால் ஒரு குடும்ப ஏற்பாடும் இருந்தது. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகனை அதே வீட்டில் 'வேறு வைப்பார்கள்'. கூரை ஒன்றுதான், அடுப்பு தனி, வரவு செலவு தனி. கோயில் கணக்கிலும் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. புதுப் புள்ளிக்குப் புதுக் குடித்தனம் வேண்டும். குடித்தனத்துக்குச் சாமான் வேண்டும். பெண் வீட்டுச் சாமானைப் பரப்பினால் பித்தளை, வெண்கலம், மரம், எனாமல் என்று கூடம் நிறைந்துவிடும். கரண்டியிலிருந்து அண்டா வரைக்கும் எல்லாம் அளவு அளவாக வரும். அந்த வரிசையில் கொட்டானுக்கும் இடம் உண்டு.

விசேஷங்களில் வெற்றிலை பாக்கு, பழம், பலகாரம், கருப்பட்டி வைத்துக் கொடுக்கவும் கொட்டான்தான். கொடுக்கிற பண்டத்துக்கு இருக்கிற மரியாதை அதை வைத்துக் கொடுக்கிற கொட்டானுக்கும் இருந்தது. நகரத்தார் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்கிற 'இசைகுடிமானம்' என்ற திருமண ஒப்பந்தத்தையும் அந்த நாளில் பனையோலையில்தான் எழுதினார்கள். எழுதவும் ஏந்தவும் அதே ஓலை இருந்த காலம் அது.

ஆகவே ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டால் அவளுக்கென்று சாமான் சேர்ப்பதைப் போலவே கொட்டான் முடைவதும் வருஷக்கணக்கில் நடக்கிற காரியம். அப்பத்தாவும் ஆயாவும் முடைவதைப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். மிச்ச ஓலையில் அவளும் எதையாவது கோணலாக முடைவாள். பாடம் இவ்வளவுதான். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை வரும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கை மறந்த காலம்

இரண்டாம் உலகப் போரில், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. நகரத்தாரின் பெரும் முதலீடு அங்கே இருந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று நடந்தே திரும்பியவர்கள் உண்டு. சுதந்திர பர்மாவில் நிலமும், பின்னர் வியாபாரமும் அரசுடைமை ஆயின. வீடு ஊரில் நின்றது, வரும்படி நின்றுபோனது. குடும்பங்கள் சென்னைக்கும் மற்ற நகரங்களுக்கும் போயின. வளவில் உட்கார்ந்து முடைய ஆள் குறைந்தது.

சாமான்களும் மாறின. எவர்சில்வர் வந்தது. துலக்கினால் பளபளக்கும், பூச்சி அரிக்காது. அதன் பின்னால் பிளாஸ்டிக் வந்தது. விலை கொஞ்சம், எடையும் கொஞ்சம். பேத்திகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள், வேலைக்குப் போனார்கள். போக வேண்டியதுதான். அந்தப் பெண்களை ஓலைக்கு முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓலைக்குப் பக்கத்தில் இருந்த இடம் காலியானது நிஜம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், கலைந்த வீடுகளின் சாமான்களைப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். மரத்தூண், எனாமல் பாத்திரம், கண்ணாடி, படம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விலை உண்டு. மரமும் உலோகமும் செய்தவர் போன பிறகும் நிற்கும். ஓலை இற்றுப் போகிற பொருள். முடைகிற கை இருந்தால்தான் ஓலைப் பொருள் இருக்கும். கை மறந்தால், அருங்காட்சியகத்தில் வைத்தும் காப்பாற்ற முடியாது.

2000ஆம் ஆண்டு

கொட்டானின் இரண்டாவது பிறப்பு 2000ஆம் ஆண்டில் தொடங்குகிறது. விசாலாட்சி ராமசாமி அந்த ஆண்டில் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளையைத் தொடங்கினார். பெயரில் இருக்கும் எழுத்துகள், நகரத்தார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொள்கிற விலாசம். செட்டிநாட்டின் கட்டடக்கலை, துணி, கைவினை ஆகியவற்றைப் பதிவு செய்வதும் மீட்பதும் அறக்கட்டளையின் வேலை. எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய 'தி செட்டியார் ஹெரிடேஜ்' நூலும் அதே காலத்தில் வந்தது. ஆவணப்படுத்துகிற வேலையில் இறங்கியவருக்கு எது போய்விட்டது, எது போய்க்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கொட்டான் போய்க்கொண்டிருந்தது. முடையத் தெரிந்தவர்கள் மிகச் சிலராகவும், வயதானவர்களாகவும் இருந்தார்கள்.

இந்த நிலையில் படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அறக்கட்டளை அதைத் தாண்டிப் போய்த் தொழிலாக்கியது. கற்றுக்கொள்ள வந்தவர்கள், வேறு வருமானம் அதிகமில்லாத கிராமத்துப் பெண்கள். ஆச்சிகளின் வித்தை, அவர்களுடைய சொந்தப் பேத்திகளுக்குப் போகாமல் ஊரார் பேத்திகளுக்குப் போனது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பரம்பரை என்றால் ரத்த வழி என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் கைவேலைக்கு ரத்தம் தெரியாது. யார் பொறுமையாக உட்கார்ந்து மூலை எழுப்பக் கற்கிறார்களோ அவர்கள்தான் அதன் வாரிசு. குடும்பத்து வாரிசின் பங்கு வேறு. எது நல்ல கொட்டான் என்று அறிந்த கண், பழைய வடிவங்களின் நினைவு, வாங்குகிறவர்களிடம் கொண்டுசேர்க்கிற தெம்பு, இவையே அங்கிருந்து வர வேண்டும். இரண்டும் சேர்ந்தபோதுதான் தொழில் நின்றது.

விலை போடுகிற வேலை

வீட்டு வேலை தொழிலாகும்போது, வீட்டில் இல்லாத கேள்விகள் வரிசையாக வரும். ஆச்சி கண்ணளவில் முடைந்தார். கடைக்கு ஒரே அளவில் நூறு வேண்டும். ஆகவே வாரின் அகலத்துக்கும் அடியின் அளவுக்கும் ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. ஆச்சி கையில் கிடைத்த சாயத்தைப் போட்டார். வாங்குகிறவர் இதே பச்சையை அடுத்த மாதமும் கேட்பார். ஆச்சிக்கு அவசரமில்லை. கல்யாண வீட்டுக்கு முகூர்த்த நாள் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, கூலி. பாட்டியின் பழக்கத்தைத் தொழிலாக்கும் பலர் சறுக்குகிற இடமும் இதுதான். ஓலைக்கு என்ன செலவு, சாயத்துக்கு என்ன செலவு என்று கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்த நேரம் கணக்கில் வராது. பாட்டி நேரத்துக்குக் காசு வாங்கவில்லை அல்லவா, அந்த நினைப்பு இவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பாட்டியின் சாப்பாட்டுக்கு ரங்கூனிலிருந்து பணம் வந்தது. இன்று முடைகிற பெண்ணுக்கு இந்தக் கொட்டானிலிருந்துதான் வர வேண்டும். காய வைத்த நேரம், கிழித்த நேரம், பதம் தப்பிக் கழிந்த ஓலை, மழையில் வேலை நின்ற நாள், எல்லாவற்றையும் விலைக்குள் கொண்டுவந்தால்தான் அது தொழில். இல்லாவிட்டால் ஒரு தலைமுறைப் பெண்களின் இலவச உழைப்பை அடுத்த தலைமுறையிடமும் வாங்குவதாக ஆகிவிடும்.

பயன் என்ற கேள்வியும் உண்டு. மூன்று வருஷக் கணக்கும் இல்லை, கூடம் நிறையப் பரப்புகிற சாமானும் இல்லை. கொட்டான் எதற்கு? விடை பழைய பழக்கத்திலேயே இருந்தது. ஏதாவது ஒன்றை மரியாதையாகக் கொடுப்பதற்கு. கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்க, நவராத்திரிக்கு வந்தவர்களுக்கு வைத்துக் கொடுக்க, பண்டிகைக்குப் பலகாரம் அனுப்ப. கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்த பிறகு, தாம்பூலப் பைக்கு மாற்று தேடுகிற வீடுகளுக்கு ஓலை மறுபடி கண்ணில் பட்டது. பிளாஸ்டிக்கிடம் தோற்ற பொருளுக்கு அந்தப் பிளாஸ்டிக்கே வழி விட்டது.

புவிசார் குறியீட்டின் இடமும் இங்கேதான். அதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. வேறெங்கோ முடைந்த கூடையைச் செட்டிநாடு கொட்டான் என்று விற்க முடியாதபடி பெயருக்குக் குறியீடு வேலி போடுகிறது. பெயரைத்தான் சட்டம் காக்கும். முடைகிற கையைக் காப்பது வாங்குகிறவர் கொடுக்கும் விலை.

மரம் ஏறுகிறவர்

இன்னொரு கையைப் பற்றிப் பேசாவிட்டால் கதை அரைகுறை. குருத்தோலை தானாகக் கீழே விழாது. ஒருவர் பனை ஏறி வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு மரத்தில் குருத்தை அளவோடுதான் எடுக்கலாம். வளரும் நுனியைப் பாழாக்கினால் மரம் பட்டுப்போகும். எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை என்று தெரிந்தவர் அவர்தான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்கென்று வெட்டுண்ட பனைகளுக்குக் கணக்கில்லை. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. பனை விதைகளை விநியோகிக்கும் திட்டமும் அதில் இருந்தது. இன்று நட்ட விதை மரமாகிப் பயன் தர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். ஏறத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டு வருகிறார்கள். கொட்டான் தொழிலின் மிக மெலிந்த கண்ணி, முடைகிற விரலைவிட, ஏறுகிற கால்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் ஏதாவது ஒரு கைவேலை தெரிந்திருக்கும். கூடை பின்னுவார், பாய் முடைவார், துணியில் பொம்மை தைப்பார். அதைத் தொழிலாக்க நினைக்கிற பேத்திக்கும் பேரனுக்கும் கொட்டானின் கதையில் பாடம் இருக்கிறது. பாட்டி இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். முடிந்த பொருளை மட்டும் பார்க்காமல், அவர் எங்கே நிறுத்தி யோசிக்கிறார், எதைக் கழித்துப் போடுகிறார் என்று பாருங்கள். அளவையும் பதத்தையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வெளியே கற்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். விலையில் உழைத்த நேரத்தைச் சேருங்கள். சேர்த்தால் விற்காது என்று பயந்து குறைக்காதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கல்யாணத்துக்குக் கொட்டான் வேண்டுமென்றால் முகூர்த்தம் குறித்த கையோடு சொல்லிவிடுங்கள். ஓலை காய வேண்டும், மழைக்கு இடம் விட வேண்டும். கடைசி வாரத்தில் நூறு வேண்டும் என்று நின்றால், முடைகிறவரின் தூக்கம்தான் போகும். பேரம் பேசாதீர்கள். இன்று முடைகிற பெண்ணின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். படித்துவிட்டு எந்த வேலையையும் தேர்ந்தெடுக்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. அந்தத் தேர்வில் கொட்டானும் ஒரு மதிப்பான தொழிலாக அவள் முன்னால் இருக்க வேண்டுமென்றால், அவளுடைய அம்மாவின் கூலி இன்றைக்கே மதிப்பாக இருக்க வேண்டும்.